தலையணைக்கு அடியில் ஒரு ஆணி

என் நாக்குக்கு எங்கள் கரையில் நல்ல பெயர் கிடையாது. இராமலட்சுமி வாயைத் திறந்தால் ஊர் கூடிவிடும் என்பார்கள். கூடட்டுமே, எனக்கென்ன? எங்கள் வள்ளத்தில் கடல்பாசி எடுக்கப் போகிற பன்னிரண்டு பேரில் அதிக நேரம் மூச்சுப் பிடிக்கிறவளும் நான்தான், அதிகம் பேசுகிறவளும் நான்தான். நாற்பத்து மூன்று வயதில், இரண்டு ஆள் ஆழத்துக்கு முங்கிக் கை நிறையப் பாசியோடு மேலே வருகிறவள் கொஞ்சம் பேசினால் குடி முழுகிவிடாது.

அந்த நாக்கைத்தான் தூக்கத்தில் கடித்துக்கொண்டேன். ஒரு தடவை இல்லை, ஆடியில் தொடங்கி மார்கழிக்குள் நாலு தடவை. அது எதனால் என்று என் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும் தெரியாது. தெரியாமல் நான் பாட்டுக்குக் கடலில் முங்கிக்கொண்டிருந்தேன். எந்த நாள் வேண்டுமானாலும் செத்திருக்கலாம். சாகாமல் உட்கார்ந்து இதைச் சொல்கிறேன் என்றால், அதற்குக் காரணம் என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

முதல் தடவை விழித்தபோது வாயெல்லாம் உப்புக் கரித்தது. தலையணை உறையில் ரத்தம். கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தால் இடது ஓரம் கிழிந்து வீங்கியிருந்தது. உடம்பு முழுக்க அடித்துப் போட்டது போல் வலி. என் வீட்டுக்காரர் பால்சாமி அதற்குள் எழுந்து, சுவரில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. இன்னைக்குக் கடலுக்குப் போக வேண்டாம், படு."

"நாக்கக் கடிச்சதுக்கெல்லாம் லீவு போட்டா வெளங்கிரும்" என்று சொல்லிவிட்டு, உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது என்று பெண்கள் நாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. அதில் ஒரு நாளை விட எனக்கு மனசு வராது.

கரையில் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டால் யாரோ நம்மை ஏசுகிறார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"யாரு ஏசிருப்பாகன்னு எப்படிடி கண்டுபிடிக்க? ஏசாத ஆள எண்ணுறதுதான் லேசு" என்றாள் மாரிச்செல்வி. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

எங்கள் வள்ளத்தில் ஜோடி போட்டுத்தான் இறங்குவோம். ஒருத்தி அடியில் பாசி பறிக்கும்போது மற்றவள் மேலே மிதந்து, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து அவளைப் பார்த்தபடி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். நாற்பது தாண்டினால் முங்கிப்போய்த் தூக்க வேண்டும். அப்புறம் இவள் பறிப்பாள், அவள் எண்ணுவாள். என் ஜோடி பஞ்சம்மாள். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகள், எனக்கு மதினி முறை. பதினாறு வருஷம் ஒரே ஜோடி. அவள் புருஷன் படகு தச்சராக இருந்து போய்ச் சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டாள். நான் பேசுவதே இரண்டு பேருக்கும் போதும்.

ஆவணியில் இருந்து மதினியின் பை குறைய ஆரம்பித்தது. இடுப்பில் கட்டுகிற வலைப்பை எனக்கு ரொம்பி வழியும், அவளுக்குப் பாதிகூட இருக்காது. அவள் முறை வந்தாலும் "இன்னொரு முங்கு நீயே போ, எனக்குக் காது அடைக்குது" என்பாள். நான் சும்மா விடுவேனா?

"என்ன மதினி, கடலுக்கு வேடிக்க பாக்கவா வார? வயசாயிருச்சுன்னா வீட்டுல இருந்து வலைய உலத்து."

அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள். முங்குகிற கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைப்பாள்.

வீட்டிலும் இதே கதைதான். ராத்திரி மீன்பாட்டுக்குக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த மனுஷன் இடுப்பு வலி என்று சொல்லிப் பகல் படகுக்கு மாறிக்கொண்டார். பகலில் மீன் எங்கே படுகிறது? "ராத்திரி வீட்டுல என்ன பொதையலா காக்குறீங்க?" என்று கேட்டேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வாய்த்தவர்கள் எல்லோருமே ஊமை என்று நினைத்துக்கொண்டேன்.

புரட்டாசியில் இரண்டாவது தடவை. ஐப்பசியில் மூன்றாவது. அன்றைக்கு விடிந்து பாயைச் சுருட்டும்போது தலையணைக்கு அடியில் இருந்து ஒன்று உருண்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். நாலு விரல் நீளம், சதுரத் தலை, துருப்பிடித்த படகு ஆணி. என் வலது உள்ளங்கையில் அதே நீளத்துக்குச் சிவப்பாக ஒரு தடம் பதிந்திருந்தது.

நாக்குக் கிழிகிறது, தலைமாட்டில் ஆணி. இதற்கு மேல் என்ன வேண்டும்? வாய்க்கட்டு! என் வாயை அடைக்க யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள். அந்தச் சதுரத் தலை ஆணி இந்தக் காலத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. எங்கள் கரையில் ஒரே ஒரு வீட்டில், புருஷன் விட்டுப்போன மரப்பெட்டியில்தான் கிடக்கிறது. முந்தின வாரம் மதினி என் வீட்டுக்கு வந்து, நான் குளித்துக்கொண்டிருந்தபோது இவரிடம் குசுகுசுவென்று பேசிவிட்டுப் போனதும் ஞாபகம் வந்தது.

ஆணியை மடியில் கட்டிக்கொண்டு நேரே கரைக்குப் போனேன். வள்ளம் தள்ளுகிற நேரம், எல்லோரும் இருந்தார்கள். இவரும் பக்கத்தில் வலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இது யாரு வீட்டு ஆணி?" என்று மதினி காலடியில் எறிந்தேன். "என் பையி ரொம்புறது ஒனக்குப் பொறுக்கல. அதான் என் வாயக் கட்டப் பாத்தியா? தாலி அறுத்தவன்னு எரக்கப்பட்டு ஒன்னைய ஜோடி சேத்தேன் பாரு, என்னையச் சொல்லணும்!"

இன்னும் சொன்னேன். அதை எல்லாம் திருப்பிச் சொல்ல எனக்கே கூசுகிறது. நாக்கு வீங்கிப் பாதி வார்த்தை குழறியது, அந்த ஆத்திரமும் அவள் மேலேயே திரும்பியது.

மதினி குனிந்து ஆணியை எடுத்து மணலைத் தட்டினாள். முந்தானையில் முடிந்தாள். "சரித்தா" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தப்புச் செய்தவள்தான் வாயடைத்துப் போவாள் என்று நான் தீர்மானமாக முடிவுகட்டினேன். இவரோ வலையைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றோடு ஜோடி முறிந்தது. மதினி மாரிச்செல்வி ஜோடியோடு மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டாள். எனக்கு யாரும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. என்னை எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டுமா? தனியாகவே முங்கினேன். அடியில் பாறைத் திட்டான பாரைப் பிடித்துக்கொண்டு, ஆத்திரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே மூச்சை அடக்கினேன். ஆனால் எங்கே முங்கி எழுந்தாலும் பத்து முழத்துக்குள் மதினி மிதந்துகொண்டிருந்தாள். இடம் மாறினால் அவளும் மாறினாள்.

"என் எடத்துப் பாசி மேலயும் கண்ணா?" என்று கத்தினேன். அவள் காதில் தண்ணீர் போலும்.

மார்கழியில் நாலாவது தடவை வந்தது. இந்த முறை நாக்கு வீங்கி உருண்டு வாய்க்குள் அடங்கவில்லை. இரண்டு நாள் பேச முடியவில்லை. கரையே திருவிழா முடிந்த மாதிரி இருந்தது என்று மாரிச்செல்வி பிற்பாடு சொன்னாள். செய்வினைக்காரி விலகிப்போயும் ஏன் கடிக்கிறது? சரி, கடவாய்ப் பல்தான் கூர் வைத்திருக்கிறது, ராவிவிட்டால் தீர்ந்தது என்று இவரையும் இழுத்துக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன்.

பல் டாக்டர் லாமியா தொண்டிக்காரப் பெண். முக்காடு போட்ட சின்ன முகம், என் அக்கா மகள் வயசுதான் இருக்கும். லைட்டை வைத்துப் பார்த்தாள்.

"பல்லு ஒண்ணும் கூரா இல்லையேம்மா. ஒரே எடத்துல திரும்பத் திரும்பக் கடிபட்டிருக்கு, அதுவும் ஓரத்துல. எந்திரிக்கும்போது ஒடம்பு வலிக்குமா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

"தல வலிக்குமா?"

"மத்தியானம் வரைக்கும்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எப்பவாச்சும் பாய் நனைஞ்சிருந்துச்சா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மூன்றாவது தடவை அப்படி ஆகியிருந்தது. யாருக்கும் தெரியாமல் பாயை அலசிப் போட்டேன். இது எப்படி இந்தப் பெண்ணுக்குத் தெரியும்?

"ராத்திரி பக்கத்துல படுக்குறது யாரும்மா?"

"புருஷந்தான். வேற யாரு படுப்பா?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "அதுக்குக் கேக்கல. தூக்கத்துல ஒங்களுக்கு என்ன ஆகுதுன்னு ஒங்களுக்குத் தெரியாது. பாத்தவங்களத்தான் கேக்கணும்."

"அவரு பாத்துட்டாலும்! படுத்தா கட்டதான்."

வெளியே பெஞ்சில் இருந்தவரைக் கூப்பிட்டாள். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இவங்களுக்கு ராத்திரியில கை காலு இழுக்குதா அய்யா?"

இவர் என்னைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். அப்புறம் அழுதுவிட்டார். இருபத்து நாலு வருஷத்தில் அந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை.

"நாலு தடவம்மா. கை காலு வெட்டி வெட்டி இழுக்கும். கண்ணு மேல சொருகிரும். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம். கையில ஆணியக் குடுத்துப் பிடிச்சுக்கிருவேன், நின்னுரும். பொறகு நல்லாத் தூங்கிரும். காலையில அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது."

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும். அதுவும் எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். எனக்குத்தான் புத்தி வாய்க்கட்டுப் பக்கம் ஓடியிருக்கிறது.

"இரும்பால நிக்கல அய்யா, அது தன்னால நிக்கிறது" என்றாள் டாக்டர். "இனிமே வந்தா கையில ஒண்ணும் குடுக்க வேண்டாம், வாயிலயும் எதையும் வைக்க வேண்டாம். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, போதும். இது பல்லு சமாச்சாரமே இல்ல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தாரேன், இன்னைக்கே போங்க." எழுதிக்கொண்டே கேட்டாள், "என்ன வேல பாக்குறீங்கம்மா?"

"பாசி எடுக்குறேன்."

"தண்ணிக்குள்ள எறங்கியா?"

"பின்ன, மரத்துலயா காய்க்கும்?"

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "இதுவர தூக்கத்துல மட்டும் வந்திருக்கு. முழிச்சிருக்கும்போது வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. தண்ணிக்குள்ள ஒரே ஒரு தடவ வந்தாப் போதும்மா."

பெரியாஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னார்கள். மதுரையில் ஸ்கேன் எடுக்க எழுதினார்கள். காலையும் ராத்திரியும் மாத்திரை, ஒரு வேளை விடக்கூடாது, கடலில் இறங்கவே கூடாது.

திரும்புகிற பஸ் மண்டபம் தாண்டியது. பாலத்தில் ஏறி இரண்டு பக்கமும் தண்ணீர் தெரிந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா வள்ளத்துல ஏத்த மாட்டாக. கடலு இல்லைன்னா நீ என்னத்துக்கு ஆவ, லெச்சுமி? பட்டுப்போயிருவ. அதான்."

"செத்துக் கெடந்தா மட்டும் பூத்துருவேனா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"தனியா விடலைடி" என்றார் மெதுவாக. "மொதத் தடவையே ஒன் மதினிக்கிட்டச் சொல்லிட்டேன். தண்ணிக்குள்ள ஒம்மேல இருந்து கண்ண எடுக்க மாட்டேன்னு சொல்லுச்சு. ஆணியும் அது குடுத்ததுதான்."

பாதிப் பைகள் எல்லாம் ஒவ்வொன்றாக என் கண்முன் வந்தன. காது அடைக்கிறது என்றது, இன்னொரு முங்கு நீயே போ என்றது, பத்து முழத்துக்குள் மிதந்தது. எண்ணுகிற ஆள் எண்ணிக்கொண்டே இருந்தால் பை எப்படி ரொம்பும்?

"நான் அவள அந்தப் பேச்சுப் பேசும்போது நீங்க நின்னு பாத்தீங்களே. வாயத் தொறந்திருக்கலாம்ல?"

"தொறந்தா ஒன் விசயம் வெளிய வந்துரும்லா. அதுக்குத்தான் அதுவும் வாங்கிக் கட்டிக்கிருச்சு."

"அந்த ஆணி இப்ப எங்கன இருக்கு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "அன்னைக்குச் சாயந்தரமே கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருச்சு. நம்ம பாய்க்கு அடியிலதான் இருக்கு."

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது எனக்கு. பாலம் முடியும் வரை அழுதேன்.

பாம்பனில் இறங்கி நடக்கும்போது இவர் இன்னொன்றும் சொன்னார். மாத்திரை போட்டால் நிற்கும் என்றார்களே, யாருக்கும் தெரிய வேண்டாம், மதினியோடு மறுபடி ஜோடி சேர்ந்துகொண்டு பாசிக்குப் போகலாம் என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஆசை வந்தது. கடலை விட்டு நான் என்ன செய்வேன்? ராத்திரி முழுக்க அதை நினைத்துப் பார்த்தேன். அடியில் எனக்கு இழுத்தால் மதினி முங்கி வருவாள். கண்டிப்பாக வருவாள். இழுக்கிற உடம்பு வந்தவளையும் கட்டிப் பிடித்துக்கொள்ளும். மூழ்குகிறவர்களைத் தூக்கப்போய்ப் போனவர்கள் எங்கள் கரையில் இரண்டு பேர் உண்டு. நான் போவது என் பாடு. அவளை இழுத்துக்கொண்டு போக எனக்கு என்ன உரிமை?

விடிந்ததும் ஆணியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அதே இடம், அதே ஆட்கள். நாக்கு இன்னும் ஆறவில்லை, ஆனாலும் கத்தினேன்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு வலிப்பு. தூக்கத்துல வருது. யாரும் வாய்க்கட்டும் போடல, ஒரு மண்ணும் போடல. மதினிக்கு இது ஆறு மாசமாத் தெரியும். என் மானத்த மறைக்க அவ ஏச்சு வாங்குனா. நான் முங்கும்போதெல்லாம் தன் பையிய விட்டுட்டு என்னைய எண்ணுனா. நாந்தான் நாக்கு மேல பல்லுப் போட்டுப் பேசிட்டேன். இனிமே நான் எறங்க மாட்டேன்."

மதினி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் ஆணியை நீட்டினேன். மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போனேன். ஊரை ஏசின வாயில் அந்த ஒரு சொல் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போதும் விடுத்தா, கடலு வத்துது, வள்ளம் தள்ளணும்" என்றாள். ஆணியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அவர்கள் போனார்கள். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக வள்ளம் போவதைக் கரையில் நின்று பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் பட்டுப்போகிற ஜாதி இல்லை.

மதுரை ஸ்கேனில் பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். மாத்திரை ஒரு வேளைகூட விடவில்லை. மூன்று மாதத்தில் ஒரு தடவையும் நாக்குக் கடிபடவில்லை. பெரிய டாக்டரிடம் போய் நின்றேன், நச்சரித்தேன். தண்ணீரில் கால் வைக்கக்கூடாது, லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நாலு பேரோடு வள்ளத்தில் வேண்டுமானால் உட்கார்ந்திரு என்று ஒத்துக்கொண்டார். அது போதும் எனக்கு. எங்கள் வள்ளத்தில் மொத்தப் பேரையும் மேலே இருந்து பார்க்கிற ஆள் இதுவரை இருந்ததில்லை. இனிமேல் நான் இருப்பேன் என்று அறிவித்துவிட்டேன், யாரிடமும் கேட்கவில்லை.

ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் என்னைப் பார்த்து, "மாங்கா பழுத்துருச்சு" என்று மாரிச்செல்வி சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. என் கண் கடல் மேலேயே இருந்தது.

மதினி முங்கினாள். எண்ண ஆரம்பித்தேன். அவள் மூச்சு முப்பதைத் தாண்டாது, எனக்குத் தெரியும். முப்பது. முப்பத்தைந்து. தண்ணீர் கலங்கியிருந்தது, ஆளே தெரியவில்லை. நாற்பது. நாற்பத்தைந்து.

"மதினீ!" என்று பார் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே ஜாக்கெட் பட்டையை அவிழ்க்கப் போனேன். பையைக் கொட்ட வள்ளத்தில் ஏறியிருந்த மாரிச்செல்வி தாவி என் கையைப் பிடித்தாள்.

வள்ளத்தின் மறுபக்கத்தில் தலை தெரிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு மதினி ஓரக்கட்டையைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"பயந்துட்டியா?" என்றாள். "இத நான் ஆறு மாசம் எண்ணுனேன்டி."

அப்புறம் நான் ஏசிய ஏச்சு இருக்கிறதே, ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஏசினேன். கிழட்டு முண்டம் என்றேன், ஒன்னை நம்பி இன்னொரு தடவ வருவேனா என்றேன், சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. நான் முடிக்கும் வரை அவள் ஓரக்கட்டையை விடவில்லை. பிறகு இடுப்பில் இருந்த பையை அவிழ்த்து என் பக்கம் நீட்டினாள். வாய் வரைக்கும் பாசி. ஒரு கையால் தூக்க முடியாமல் நான் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினேன்.